பச்சை டிரம்மில் முளைத்த எலும்பு

உங்கள் உடம்புக்குள் இருக்கிற எலும்புக்கூட்டை உங்களுக்கே அறிமுகம் செய்து வைத்துவிட்டு, 'இனிமே ரெண்டு பேரும் பேசிக்குங்க' என்பது போலக் கிளம்பிப் போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெயர் என்னவோ இருந்தது. சிலிண்டர் போடுகிறவர் முதல் கவுன்சிலர் வரை எல்லாருக்கும் அவர் எலும்பு சார்தான்.

குடிவந்த அன்றைக்கே என் மணிக்கட்டைப் பிடித்தார். பேரன் பேத்தி எடுத்த பிறகு என் கையைப் பிடித்த முதல் ஆம்பளை அவர்தான். வெட்கப்படலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வதற்குள் கட்டைவிரலை எலும்பின் மேல் வைத்து அழுத்தினார்.

"இங்க ஒருத்தன் நிக்கிறான் பாருங்க ஓனரம்மா. நீங்க தூங்கறப்போ அவன் தூங்க மாட்டான். நீங்க அழுவறப்போ அவன் அழுவ மாட்டான். நீங்க போன பெறவும் அவன் பல்லைக் காட்டிச் சிரிச்சிக்கிட்டே இருப்பான்."

"என்னா சார், நீங்கதான் குடிவந்தீங்கன்னு பாத்தா, எனக்குள்ளயும் ஒருத்தன் குடியிருக்கானா?"

"அவன் குடியிருக்கல. நீங்கதான் அவன்மேல குடியிருக்கீங்க."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க, நான் நடந்தால் உள்ளே யாரோ கூடவே நடந்தார்கள். உட்கார்ந்தால் அவர்களும் உட்கார்ந்தார்கள். முழங்கால் 'டக்'கென்றது. எப்போதும் அது அப்படித்தான். அன்றைக்கு மட்டும் பதில் சொன்னது போல இருந்தது.

சார் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணுடைய அப்பா, "பொண்ணு புடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இவர், "தாடை எலும்பு பிரமாதமா இருக்கு. மண்ணுல பொதைச்சாலும் ரொம்ப வருஷம் கெடாது" என்று சொல்லியிருக்கிறார். தட்டில் வைத்த பஜ்ஜியைக்கூடச் சாப்பிட விடாமல் அனுப்பிவிட்டார்கள். "நான் பாராட்டத்தானே செஞ்சேன் ஓனரம்மா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. உலகத்தில் முதல் எலும்பு எப்படி வந்தது? அவ்வளவுதான். அந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போனார், அந்தக் கேள்வியோடுதான் ரிட்டயர் ஆனார். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் பதில் கிடைக்கும் என்றுதான் தம்பி வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தார்.

காலையில் நான் அடுப்பில் பாலை வைக்கிற நேரம் பார்த்து வந்து நிற்பார்.

"ஆதியில எவனுக்கும் எலும்பு கெடையாது. ஓடு இல்ல, முள்ளு இல்ல. கடலுக்கு அடியில எல்லாம் பாலாடை மாதிரி வழவழன்னு கெடந்துச்சு. ஒரு சத்தம் கெடையாது. அப்படியே கோடிக்கணக்கான வருஷம். அப்புறம் ஒரு நாள்..."

"பால் பொங்குது சார், நவுருங்க."

"...ஒருத்தன் இன்னொருத்தனைத் தின்னான்."

"பல்லே இல்லேங்கறீங்க, எப்படித் தின்னான்?"

"ஓட்டை போட்டு உறிஞ்சினான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரொம்பப் பழைய பாறையில, உலகத்தோட மொதல் ஓடு பதிஞ்சிருக்கு. குட்டியா, குழாய் மாதிரி. டம்ளருக்குள்ள டம்ளர் வச்சாப்புல இருக்கும். அதுல சிலதுல ஊசியால குத்தினது மாதிரி வட்டமா ஒரு ஓட்டை. உள்ள இருந்தவன் இல்ல."

பாலை இறக்கி வைத்தேன். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தைய கொலையாம். யாரும் பிடிபடவில்லை.

பயம்தான் எலும்பாச்சு என்பது அவர் கட்சி. தின்னுவார்கள் என்று பயந்து பயந்து, மெத்தென்று இருந்த உடம்பு வெளியே ஓடு கட்டிக்கொண்டது. பிறகு கொஞ்சம் பேர் அதை உள்ளே வாங்கிக்கொண்டார்கள், அந்த வம்சம்தான் நாம். எதிர்க்கட்சியும் உண்டு. கடலில் சுண்ணாம்பு ஜாஸ்தியாகிவிட்டது, உடம்புக்குள் ஏறினால் விஷம், அதனால் வெளியே தள்ளினார்கள், தள்ளியது மேலேயே ஒட்டிக்கொண்டது, அதுதான் ஓடு என்பது அவர்கள் வாதம்.

"அதாவது நம்ம எலும்பெல்லாம் குப்பைன்னு சொல்றாங்க ஓனரம்மா. எப்படி ஒத்துக்கறது?"

"எங்க ஆத்தா வேற மாதிரி சொல்லும் சார். சதை அம்மா குடுத்தது, எலும்பு அப்பன் குடுத்ததுன்னு."

"அப்பனும் இல்ல, ஆத்தாவும் இல்ல. கடல் குடுத்தது. ஒரு நாள் திருப்பிக் கேக்கும்."

நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினால் போதும், முகம் சுருங்கிவிடும். "கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்புதானே அது? எத்தினி பேரு வூடு தெரியுமா? கூசாம மெல்லறீங்களே!" நான் அவர் பார்க்கவே இன்னும் கொஞ்சம் தடவிக்கொள்வேன்.

வெளியிடங்களில் இன்னும் மோசம். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "அப்பளம் மெல்லறப்போ காதுக்குள்ள ஒரு சத்தம் கேக்குதுல்ல? அது நீங்க இல்ல, அவன்" என்றார். அந்த மனிதர் அப்பளத்தை வாயில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். கடிக்கவும் பயம், துப்பவும் வெட்கம். பாயசம் வந்து ஊற வைத்துத்தான் அதை விழுங்கினார்.

காடாம்புலியூரிலிருந்து லோடு ஆட்டோவில் பலாப்பழம் கொண்டு வருகிறவரையும் விடவில்லை. "இதுக்கு எலும்பு வெளிய, உனக்கு உள்ள. ரெண்டு பேரும் ஒரே பயத்துக்குத்தான் பொறந்தீங்க" என்று பழத்தையும் அவர் முதுகையும் மாற்றி மாற்றித் தடவினார். நான் சும்மா இருக்காமல், "அப்ப முந்திரிக்கு சார்? கொட்டையே வெளிய தொங்குதே?" என்றேன். சார் ரொம்ப நேரம் யோசித்தார். "அதைக் கேக்காதீங்க" என்றார். பலாப்பழக்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஹார்ன் அடிப்பதோடு சரி, இறங்குவதில்லை.

இப்படிப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் வம்பில்லை. திடீரென்று இரண்டு பிளாஸ்டிக் டிரம்களை மாடியில் ஏற்றினார். ஒன்று நீலம், ஒன்று பச்சை. உப்பனாற்றிலிருந்து குடம் குடமாக உப்புத் தண்ணீர். வலையில் வந்து மீனவர்கள் வீசிவிடுகிற கொழகொழ உயிர்களை வாளியில் பொறுக்கிக்கொண்டு வந்து இரண்டிலும் விட்டார். என் சுண்ணாம்பு டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்துக் கரைத்தார்.

"நீல டிரம்மைத் தெனமும் பயமுறுத்தணும். பச்சையைத் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது. எதுல ஓடு வருதுன்னு பாப்போம்."

"யாரு பயமுறுத்தறது?"

"நீங்கதான்."

"ஏன், உங்களுக்கு மூஞ்சி இல்லையா?"

"நான் மொறைச்சா கிட்ட வருதுங்க ஓனரம்மா. உங்களுக்கு இயற்கையா அமைஞ்சிருக்கு."

கோபித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த வயதில் ஒருத்தருக்கு வேலை கிடைப்பது சாதாரண விஷயமா? தினமும் காப்பி குடித்ததும் மாடிக்குப் போய் நீல டிரம்மில் தலையை விட்டு, நாக்கை நீட்டி, கண்ணை உருட்டி, மருமகளைத் திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் அங்கே திட்டிவிட்டு வருவேன். வீட்டில் சண்டையே இல்லாமல் போனது. மருமகள் கவிதா, "அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று என் மகனிடம் கேட்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் தலையை விட்டதும் அந்த உயிர்கள் ஒரே சமயத்தில் சுருங்கும். சத்தம் போடாமல் போனாலும் சுருங்கும். கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை என்று சார் சொல்கிறார். பிறகு எது என்னைப் பார்த்தது? தண்ணீருக்குள் என் முகம் தெரியும். அதற்குப் பின்னால் தெரிகிற மண்டையோட்டைத்தான் அவை பார்க்கின்றனவோ என்று தோன்றும். இறங்கி வரும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

டிரம்மிலிருந்து கசிந்த உப்புத் தண்ணீர் தளத்தில் இறங்கியது. கீழே என் மகன் செல்வத்தின் படுக்கையறைக் கூரையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. முதலில் ஒரு கோடு. பிறகு இரண்டு பக்கமும் வளைவு வளைவாகக் கிளைகள். முதுகெலும்பும் விலாவும் போல. கவிதா அதைப் பார்த்த அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். செல்வத்துக்கு செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, பகலில் தூங்கியாக வேண்டும். தூங்கி எழுந்தால் நெற்றியில் உப்புச் சொட்டு காய்ந்து வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் இருக்கும்.

ஒரு நாள் வெடித்துவிட்டான். "அம்மா, போதும். சிதம்பரத்துல அவுரு தம்பிகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம குட்டி யானை வண்டி எடுத்துக்கிட்டு வராரு. சாரை அனுப்பிடலாம். டிரம்மைக் காலி பண்ணிடலாம்."

"பாவம்டா."

"நான் என்னா கல்லா? அவுரு எக்ஸ்ரேவை நீ பாத்தியா? எலும்பெல்லாம் பஞ்சாப் போயிருக்கு. இந்தப் படியில விழுந்தாருன்னா நொறுங்கிடுவாருன்னு டாக்டரு சொல்றாரு. தம்பி வூட்டுல படியே கெடையாது. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொன்னது பொய் இல்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். சார் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருந்தது.

"கடல் திருப்பிக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு ஓனரம்மா. இவன் கெளம்பறதுக்கு முன்னாடி, இன்னொருத்தன் வர்றதை ஒரு தடவை பாத்துடணும். அவ்ளோதான் எனக்கு வேண்டியது."

"ஞாயித்துக்கெழமக்குள்ள வருமா?"

என்னைப் பச்சை டிரம்மிடம் கூட்டிப்போனார். பயமுறுத்தாத டிரம். உள்பக்கச் சுவரில் தண்ணீருக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். புள்ளி இல்லை, குழாய். நகக்கண் அளவு. சுண்ணாம்பாலேயே கட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாயின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு குஞ்சம் மெதுவாக வெளியே வந்து விரிந்தது. மூச்சு விடுவது போல அசைந்தது. நான் மூச்சு விட்டதும் சடக்கென்று உள்ளே போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது ரோஷம்தான். "அப்ப நீலத்துல நான் மூஞ்சியைக் கோணினதெல்லாம் வீணா?"

"வீண்தான்" என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர். "நான் ஒண்ணும் கண்டுபிடிச்சிடல. இது குழாய்ப்புழு. கட்டறதுக்கு ஏற்கெனவே தெரியும் இதுக்கு. குஞ்சுங்க ஆத்துத் தண்ணியோட வந்திருக்கு. ஆனா அந்தப் பாறையில இருக்கற மொதல் ஓடும் இப்படித்தான், குழாய். இப்ப ஓரத்துல இவ இன்னொரு வளையம் வைக்கப் போறா. வைக்கறப்போ நான் பாக்கணும்."

வண்டியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிச் செல்வத்திடம் நானே போய்க் கேட்டேன். "புழுவுக்காகவா வண்டியை வேணாம்ன்றது?" என்றான்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு பாக்கியம் எங்கள் மாடியில் கருவாடு காயப்போட வந்தாள். தெருவில் யாருக்காவது அம்மை போட்டால் முதலில் கூப்பிடுகிற ஆள் அவள்தான். டிரம்முக்குள் என்ன என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. நடுவில் செக்கச்செவேலென்று ஏதோ வருகிறது, போகிறது. கருவாட்டுக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு, படியில் பாதி கால் வைத்தும் பாதி வைக்காமலும் இறங்கி வந்தாள்.

"யக்கா! உன் ஊட்டுக்கு அம்மா வந்திருக்கா! ஒடம்புல எறங்காம டிரம்முல எறங்கியிருக்கா! புள்ளைங்க மேல வர வேண்டியதைத் தான் தாங்கிக்கிட்டு நிக்கிறா யக்கா!"

நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது.

அவள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை. அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மா இறங்கிவிட்டால், தண்ணீர் ஊற்றுகிறவரை தாளிக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, யாரையும் வீட்டை விட்டு அனுப்பவும் கூடாது. செல்வத்துக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்ததே பெரிய பாடு. மேனேஜருக்குப் பயப்படாத பயல் வேப்பிலையைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. டிரைவர் வேப்பிலையைப் பார்த்தார், பின்னாலேயே ஓட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். சாரின் தம்பி அங்கே நின்றுகொண்டு கத்தினார்.

"அண்ணே! யாருக்கண்ணே அம்மை?"

செல்வம் வாசலிலிருந்து கத்தினான். "டிரம்முக்குங்க!"

"எதுக்கு?"

"பச்சை டிரம்முக்கு!"

அண்ணன் குடியிருக்கிற வீட்டில் எல்லாருக்கும் அண்ணனைப் போலவே ஆகிவிட்டது என்று தம்பி நினைத்திருப்பார். வண்டி சிதம்பரத்துக்குத் திரும்பிவிட்டது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கே உச்சி வெயிலில் பாக்கியம் தலைமையில் பெண்கள் மாடி ஏறினார்கள். ஒருத்தி கையில் மஞ்சள் தண்ணீர், ஒருத்தி கையில் மோர், இன்னொருத்தி குடம் நிறையப் பால். எல்லாம் டிரம்மில் ஊற்றி அம்மாவைக் குளிர்விக்க. ஊற்றினால் புழு அத்தனையும் செத்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் சார் ஓடிவந்து டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உடம்பு நடுங்கியது. பஞ்சான எலும்பு, ஓடிய ஓட்டம். குரல் மெலிந்து எங்கிருந்தோ வருவது போல வந்தது.

"ஊத்தாதீங்க! இவளைத் தொடாதீங்க! இப்பதான் கட்ட ஆரம்பிச்சிருக்கா. உங்க யாருக்கும் எலும்பு இல்லாத காலத்துலயிருந்து இவ இருக்கா. உங்க முதுகு, உங்க பல்லு, நீங்க பெத்த புள்ளைங்க மண்டை, எல்லாம் இவ வம்சம் பழகிக் குடுத்தது. வெளக்கு வேணாம், படையல் வேணாம். சத்தம் போடாம நில்லுங்க, போதும்!"

மாடியில் ஒரு சத்தமில்லை. காக்கைகூட மதில்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. டிரம்முக்குள் மட்டும் ஏதோ மெல்ல உரசுவது போல. சார்மேல் அம்மா வந்துவிட்டாள் என்று பாக்கியம் பால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னா கொறை வச்சோம் தாயி? எப்ப கெளம்புவ?"

சார் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். "இன்னும் ஒரே ஒரு வளையம்மா. அது முடிஞ்சா போதும், நானே கெளம்பிடறேன்."

அம்மாவே தவணை சொல்லிவிட்டாள். எல்லாரும் மஞ்சள் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனும் சாரைக் கிளப்ப முடியாது.

தாளிப்பு இல்லாத சாப்பாடு எங்களைக் கொன்றது. கருவாட்டைக் கண்ணால் பார்த்து வெறும் சோற்றைச் சாப்பிட்டோம். பக்தி மட்டும் வளர்ந்தது. செல்வம் ஷிப்ட் முடிந்து வந்ததும் டிரம்மைக் கும்பிட்டுவிட்டுத்தான் கைகால் கழுவினான். கூரையிலிருந்து சொட்டு விழுகிற இடம் பார்த்துத் தலையணையைப் போட்டுக்கொண்டான். நெற்றியில் விழுகிற வெள்ளைப் பொட்டைத் துடைக்காமல் அப்படியே வேலைக்குப் போனான். கவிதாவும் பாயைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். கூரையில் இருந்த விலா எலும்புகளை இப்போது அவள் வேறு மாதிரிப் பார்த்தாள்.

வளையம் வந்தது ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை, காற்று இல்லை. தெருவே வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. சார் என்னையும் செல்வத்தையும் கையசைத்துக் கூப்பிட்டார். மூன்று தலைகள் டிரம்மின் மேல். சிவப்புக் குஞ்சம் விரிந்து நின்றது. குழாயின் விளிம்பில் பளபளவென்று ஈரம் மாதிரி ஒன்று சுற்றிவந்தது. எப்போது அது வெள்ளையானது என்று எனக்குத் தெரியாது. கண் எடுக்காமல்தான் பார்த்தேன், ஆனாலும் தெரியவில்லை. இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு உச்சந்தலையிலிருந்து கால்வரை ரோமம் நின்றது. உள்ளே நிற்கிறானே, அவன் எனக்கு முன்னால் குனிந்து எட்டிப் பார்க்கிறான் என்று தோன்றியது. பக்கத்தில் செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான்.

"அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் சார், மூச்சுக் காற்றிலேயே. "யாருமே பாக்கல."

நான் கேட்டேன். "பயமா சார், குப்பையா?"

"தெரியல ஓனரம்மா. வெஷத்தை வெளிய தள்ளினவளும் இருந்திருப்பா, பயந்து கட்டினவளும் இருந்திருப்பா. இதோ, சும்மா ஒரு எடம் கெடைச்சுதேன்னு கட்டறவளும் இருக்கா. நான் ஒண்ணையே புடிச்சிக்கிட்டு இருந்துட்டேன்." பூதக்கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "செல்வம், தம்பிக்கு ஃபோன் போடு. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்."

போக வேண்டாம் என்று செல்வமே சொன்னான். அவர் கேட்கவில்லை. மறுநாள் பாக்கியம் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை அவிழ்த்தாள். செல்வமும் இன்னொருவரும் பச்சை டிரம்மைத் தூக்கிக்கொண்டு உப்பனாற்றுக்கு நடந்தார்கள். செல்வம் காலில் செருப்பில்லை. குழாய்கள் சுவரில் ஒட்டியிருந்ததால் டிரம்மோடு தண்ணீரில் இறக்கி, படகு கட்டுகிற கம்பத்தில் கட்டிவிட்டு வந்தான். சாரை வண்டியில் ஏற்றும்போது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவரைத் தாங்கி இறக்கியதும் அவன்தான். ஒரு கீறல் விழவில்லை.

போன மாதம் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கீழ வீதிக்குப் பின்னால் தம்பி வீடு. படியே இல்லாத வீடு, வழவழவென்று தரை. அந்தத் தரையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோதுதான் சாருக்குக் கால் முறிந்ததாம். பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் அதை 'டொக் டொக்'கென்று தட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா ஓனரம்மா? உள்ள இருக்கறவனை நம்ப முடியலன்னு எனக்கும் வெளிய கட்டிட்டாங்க. மறுபடியும் மொதல்லயிருந்து ஆரம்பிக்கறேன்."

"நத்தைக்காவது நடக்கத் தெரியும் சார். மீன் கொழம்பு கொண்டாந்திருக்கேன், தாளிச்சது."

தம்பி மனைவி தட்டு எடுக்க உள்ளே போனார். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் கனமே இல்லாமல் இருந்தன.

"மாடியில இப்ப யாரு இருக்காங்க?"

"ஆள் தேடிக்கிட்டிருக்கோம் சார்."

"நல்ல ஆளாப் பாருங்க."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

செல்வம் அடிக்கடி கேட்கிறான், "ஏம்மா, டு லெட் போர்டு மாட்டுனியா இல்லியா? ஒருத்தன்கூட வந்து கேக்கலியே?" என்று. மாட்டிவிட்டேன் என்று சொல்கிறேன். உண்மையாகவே மாட்டித்தான் இருக்கிறேன், வாசல் கம்பியில், நல்ல கயிறாகப் போட்டு. எழுத்து இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்தபடி.